தங்கம் மந்தமான உலோகம் என்றால், இந்த இரண்டு கரைசலும் ஏன் சும்மா இருப்பதில்லை?

கெலுகோர்_மாணவி | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் வேதியியல் முதுகலை படிக்கிறேன். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டும். எடுத்துக்கொண்ட விஷயம், லிகண்ட் (மேலே ஒட்டி மூடும் மூலக்கூறு) மூடிய தங்க, வெள்ளி நானோ கொத்துகளின், அதாவது எண்ணிச் சொல்லும் அளவு அணுக்கள் மட்டும் சேர்ந்த குட்டித் துகள்களின், வினைத்திறன். ஆங்கிலத்தில் பேசிவிடுவேன். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஒருமுறை சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன், அதனால்தான் இங்கே வந்தேன்.

என்னைக் குடைகிற கேள்வி இது. தங்கம்-25 என்று ஒரு கொத்து இருக்கிறது. 25 தங்க அணு, அதற்கு மேலே 18 தயோல், அதாவது கந்தகத்தால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் கரிம மூலக்கூறு. வெள்ளி-25 என்று இன்னொன்று, அதே எண்ணிக்கை, அதே வடிவம். இரண்டும் நிலையானவை என்று சொல்லித்தான் கட்டுரைகள் ஆரம்பிக்கின்றன. கொஞ்சம் கீழே போனால், இரண்டையும் அறை வெப்பநிலையில் ஒன்றாக ஊற்றினால் அணுக்களை மாற்றிக்கொள்கின்றன என்று அதே கட்டுரைகள் சொல்கின்றன. சூடு வேண்டாம், வினையூக்கி வேண்டாம், ஊற்றினால் போதும்.

நிலையானது என்றால் ஏன் வினைபுரிகிறது? 18 தயோல் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கிற அணு எந்த வழியாக வெளியே வருகிறது? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

படிவம்6_டீச்சர் (பிரிக்ஃபீல்ட்ஸ்) | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, நல்ல கேள்வி. எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கில் இது உட்கார மறுக்கிறது. வெள்ளியின் நியம மின்முனை அழுத்தம் (அயனி எலக்ட்ரானை எவ்வளவு விரும்பிப் பிடிக்கிறது என்ற அளவு) +0.80 வோல்ட், மூன்று நேர்மின் தங்க அயனிக்கு +1.50. தங்க உப்புக் கரைசலில் வெள்ளிக் கம்பியைப் போட்டால் வெள்ளி கரையும், தங்கம் படியும். எதிர்த்திசையில் நடக்காது. இந்த விதியை வைத்துப் பார்த்தால் வெள்ளிக் கொத்துக்குள் தங்கம் நுழையலாம். தங்கக் கொத்துக்குள் வெள்ளி நுழையக் காரணமே இல்லை. இரண்டு பக்கமும் போகிறது என்றால் அந்த விதி எங்கே போயிற்று?

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | திங்கள், இரவு 11.30

டீச்சர், அந்த வரிசை கட்டி உலோகத்துக்கும் தண்ணீரில் கரைந்த அயனிக்கும் எழுதப்பட்டது. கொத்து இந்த இரண்டில் எதுவும் இல்லை. முதலில் அதன் உடம்பைப் பார்த்துவிடுவோம், பிறகு வினைக்கு வரலாம். சில வருஷமாக இதே கொத்துகளோடு வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2007-ல் கோர்ன்பெர்க் குழு 102 தங்க அணுவும் 44 தயோலும் கொண்ட கொத்தின் படிக அமைப்பை வெளியிட்டது. அடுத்த வருஷமே தங்கம்-25. மரே குழுவும் ஜின் குழுவும் தனித்தனியாக அதைப் படிகமாக்கி அமைப்பைக் கண்டார்கள். நடுவில் ஒரு தங்க அணு. அதைச் சுற்றி 12, இருபது முகம் உள்ள கூடாக. இந்த 13-தான் உள்மணி. அதற்கு மேலே ஆறு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கந்தகம், தங்கம், கந்தகம், தங்கம், கந்தகம் என்று ஐந்து அணுக்கள் வரிசையாக இருக்கும். லேப்பில் இதை ஸ்டேப்பிள் என்போம். ஆறு வளைவுக்கு இரண்டிரண்டாகத் தங்கம் 12, மூன்று மூன்றாகக் கந்தகம் 18. உள்மணியின் 13-ஐச் சேர்த்தால் 25. கணக்கு சரியாக வந்துவிடும்.

இப்போது நிலைத்தன்மை. தங்க அணு ஒவ்வொன்றும் ஒரு எஸ் எலக்ட்ரானை, அதாவது வெளிக்கூட்டு எலக்ட்ரானை, தருகிறது, 25. தயோல் ஒவ்வொன்றும் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, 18. கொத்தின் மேல் ஒரு எதிர் மின்னூட்டம், அதற்கு ஒன்று கூட்டு. 25−18+1 = 8. முழுக் கொத்தையும் ஒரே பெரிய அணுவாக எடுத்துக்கொண்டால் எட்டில் எலக்ட்ரான் கூடு நிறைகிறது. 2008-ல் ஹாக்கினென் முதலானோர் இந்தக் கணக்கைத் தெளிவாக வைத்தார்கள். 102 அணுக் கொத்துக்கு 102−44 = 58, அதுவும் நிறைவு. வெள்ளி-44-க்கு 30 தயோல், நான்கு எதிர் மின்னூட்டம்: 44−30+4 = 18. அதுவும் நிறைவு.

ஆனால் தங்கச்சி, கூடு நிறைந்துவிட்டது என்பதற்கும் வினைபுரியாது என்பதற்கும் சம்பந்தமில்லை. மீத்தேனுக்கும் கூடு நிறைந்துதான் இருக்கிறது. அடுப்பில் எரிகிறதே. கொத்தைக் குட்டி உலோகத் துண்டாக நினைக்கிறவரைக்கும் இது புதிராகத்தான் இருக்கும். அதற்குத் திட்டமான வாய்பாடு உண்டு, மூலக்கூறு நிறை உண்டு, மின்னூட்டம் உண்டு, எதிர் அயனி உண்டு. அது ஒரு மூலக்கூறு. மூலக்கூறு என்றால் இன்னொரு மூலக்கூறோடு அதற்குச் சமன்பாடும் எழுத முடியும்.

வினை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு என் பதில்: அந்த வளைவுகளில். எல்லாரும் அதைப் பாதுகாப்பு உறை என்கிறார்கள். அங்கேதான் தங்க–கந்தகப் பிணைப்பு திறந்து மூடுகிறது. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

பத்தர்_மகன் (ஜார்ஜ்டவுன்) | செவ்வாய், காலை 7.15

லிட்டில் இந்தியாவில் எங்கள் அப்பா காலத்திலிருந்து பட்டறை. படிப்பு படிவம் 5 வரைக்கும்தான், ஆனால் தங்கமும் வெள்ளியும் கை அறிந்த பொருள். ராத்திரி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். தங்கமும் வெள்ளியும் எந்த அளவில் சேர்த்தாலும் சேரும், அடம் பிடிக்காது. ஆனால் குகையில் (உருக்கும் பாத்திரத்தில்) வைத்து உருக்கணும். வெள்ளி 961 டிகிரியில் உருகும், தங்கம் 1064. ஒரு தங்கக் காசையும் வெள்ளிக் காசையும் ஒரே டப்பாவில் பத்து வருஷம் போட்டு வைத்தாலும் காசு காசாகத்தான் இருக்கும்.

சேர்ந்ததைப் பிரிப்பது இன்னும் கஷ்டம். பழைய நகையில் இருக்கிற வெள்ளியை நைட்ரிக் திராவகத்தில் கரைத்து எடுக்கணும் என்றால், தங்கம் ஒரு பங்குக்கு வெள்ளி மூன்று பங்காவது இருக்கணும். குறைவாக இருந்தால் திராவகம் மேல்தோலைத் தின்றுவிட்டு நின்றுவிடும். உள்ளே இருக்கிற வெள்ளியைத் தங்கம் மறைத்துக்கொள்ளும். அதனால் முதலில் வெள்ளியைக் கூடப் போட்டு உருக்கி, தகடாக அடித்து, அப்புறம்தான் திராவகத்தில் இறக்குவோம்.

ஆக, தங்கத்துக்குள் இருக்கும் அணு வெளியே வராது என்பது எங்கள் அனுபவம். நீங்கள் சொல்லும் கொத்தில் மட்டும் எப்படி வருகிறது?

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | செவ்வாய், பகல் 1.10

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த மூன்று பங்குக் கணக்கை நான் கருத்தரங்குகளில் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் நிற்கிறவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை. மிக்க நன்றி.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. உங்கள் தகட்டில் கோடிகோடி அணுக்கள், அதில் மேல்தோலில் இருப்பவை மிகக் கொஞ்சம். 25 அணுக் கொத்தில் உள்ளே என்று சொல்ல எத்தனை அணு? ஒன்றே ஒன்று, அந்த மையத்து அணு. 12 அணு உள்மணியின் மேல்பரப்பில், 12 அணு வளைவுகளில். 25-ல் 24 அணு வெளிப்பக்கம். தங்கம் மறைத்துக்கொள்ள அங்கே இடமே இல்லை.

இன்னொன்று, தங்க அணுவும் வெள்ளி அணுவும் ஏறக்குறைய ஒரே பருமன், உலோகத்தில் ஆரம் இரண்டுக்குமே சுமார் 144 பிக்கோமீட்டர். இரண்டும் ஒரே ஒரு எஸ் எலக்ட்ரானைத்தான் பொதுவில் வைக்கின்றன. அதனால் தங்கம் இருந்த இடத்தில் வெள்ளி உட்கார்ந்தாலும் எட்டு எட்டாகவே இருக்கும், கூடும் கோணாது.

கணக்குப்புலி (சுபாங் ஜெயா) | செவ்வாய், பகல் 2.25

நான் கணினியில் கணக்குப் போடுகிறவன், கொத்துக்காரன் இல்லை. இரண்டு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை.

ஒன்று, இடம் இருக்கிறது, பருமன் ஒன்று என்பதெல்லாம் தடை இல்லை என்று மட்டும்தான் காட்டும். தடை இல்லாததால் மட்டும் வினை நடந்துவிடாது. உந்துவது எது?

இரண்டு, கொத்தும் கொத்தும் நேரில் தொட்டு மாற்றிக்கொள்கின்றன என்று ஏன் எடுத்துக்கொள்ளணும்? வெள்ளிக் கொத்திலிருந்து வெள்ளி–தயோல் துணுக்கு ஒன்று கரைசலில் உதிர்ந்து, அதைத் தங்கக் கொத்து பிடித்துக்கொண்டால்கூட முடிவில் இதே கலவைதானே கிடைக்கும்? விளைபொருளை மட்டும் பார்த்து வழியைச் சொல்ல முடியாது.

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | செவ்வாய், இரவு 10.45

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பரிசோதனையே அதில்தான் இருக்கிறது.

சென்னை ஐஐடியில் பிரதீப் குழு 2016-ல் இரண்டு வேலைகளை வெளியிட்டது. முதலாவது தங்கம்-25-ஐயும் வெள்ளி-44-ஐயும் கலந்தது. உலோக அணு, தயோல் இரண்டுமே இடம் மாறின. தங்கம்-25-க்குள் 20 வெள்ளி அணுவரை புகுந்ததைப் பார்த்தார்கள். கொத்தும் கொத்தும் வினைபுரிவதற்கு முதல் உதாரணமாக அதை முன்வைத்தார்கள். ஆனால் அங்கே இரண்டு கொத்தும் வெவ்வேறு அமைப்பு, படிப்பது சிக்கல்.

இரண்டாவது வேலையில் தங்கம்-25, வெள்ளி-25. இந்த வெள்ளி-25-ஐ பக்ர் குழு 2015-ல்தான் தந்தது. அமைப்பில் தங்கம்-25-க்கு அச்சான ஜோடி. இங்கே ஒரு நேர்த்தியைக் கவனியுங்கள். தங்கத்தின் மேலே இருந்தது ஃபீனைல்எத்தேன்தயோல், வெள்ளியின் மேலே டைமெத்தில்பென்சீன்தயோல். ஆள் வேறு, ஆனால் இரண்டுக்கும் கார்பன் 8, ஹைட்ரஜன் 10, கந்தகம் 1. நிறை ஒன்றே! அதனால் தயோல்கள் தமக்குள் இடம் மாறினாலும் நிறை நிறமாலையில் (மூலக்கூறுகளை நிறை வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) சிகரம் நகராது. உலோகம் மாறினால் மட்டும் நகரும். குழப்பத்தைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டார்கள்.

தங்கம்-25-ன் நிறை 7394 டால்டன் (அணு நிறை அலகு). வெள்ளி-25-ன் நிறை 5167. ஒரு வெள்ளியை எடுத்துவிட்டு ஒரு தங்கத்தை வைத்தால் 89 கூடும். கலந்தபின் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே 89, 89 இடைவெளியில் சிகரங்கள் முளைக்கின்றன. எந்தக் கொத்தை எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதை மாற்றினால், ஒரு தங்கத்திலிருந்து 24 தங்கம் வரை எந்தக் கலவைக்கும் போகலாம். 18 தயோல், 25 உலோகம் என்ற கட்டு மட்டும் மாறவே இல்லை.

இப்போது உங்கள் துணுக்குக் கேள்வி. கலந்த உடனே எடுத்த நிறமாலையில் ஒரு விருந்தாளி தெரிகிறார். 25 வெள்ளி, 25 தங்கம், 36 தயோல், இரண்டு எதிர் மின்னூட்டம். இரண்டு கொத்தும் முழுதாக ஒட்டிக்கொண்ட நிலை. துணுக்கு வழி மட்டும்தான் என்றால் இப்படி ஒன்று உருவாக வேண்டிய அவசியமில்லை. கணினிக் கணக்கும் இந்த ஒட்டிணை வழியாக அணு கடப்பதையே ஆதரித்தது. துணுக்குகளுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தொடுகிறதா என்றால், தொடுகிறது, பிடிபட்டிருக்கிறது.

தயோல் விஷயத்திலும் இப்படித்தான். ஜெனீவாவில் பியூர்கி குழு 2017-ல், கரைசலில் தனித் தயோல் சேர்க்காமலே தங்கம்-25 கொத்துகள் மோதி, தமக்குள் தயோலை மாற்றிக்கொள்வதைக் காட்டியது.

கெலுகோர்_மாணவி | செவ்வாய், இரவு 11.20

அண்ணா, ஒரு நிமிஷம். அந்த ஒட்டிணையின் நிறை 7394 + 5167 = 12561. நிறமாலை நிறையை மின்னூட்டத்தால் வகுத்துத்தான் காட்டும், மின்னூட்டம் இரண்டு என்பதால் 6280-க்குப் பக்கத்தில் விழும். ஆனால் சாதாரணக் கலவைக் கொத்துகளும் 5167-க்கும் 7394-க்கும் நடுவில்தானே விழுகின்றன? 6280-ல் இருப்பது ஒட்டிணைதான், இன்னொரு கலவைக் கொத்து இல்லை என்று எப்படித் தெரியும்?

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | செவ்வாய், இரவு 11.50

பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 12 தங்கம் புகுந்த வெள்ளிக் கொத்து 6236-ல் விழும். 13 புகுந்தது 6325-ல். ஒட்டிணை விழும் 6280, இந்த இரண்டுக்கும் சரிபாதி. 25 ஒற்றைப்படை எண் என்பதால், பாதித் தூரம் எப்போதும் 12-க்கும் 13-க்கும் நடுவே வெற்றிடத்தில்தான் வந்து நிற்கும். பன்னிரண்டரை அணு மாறிய கொத்து என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

இதோடு விடவும் வேண்டாம். வெள்ளியில் 107, 109 என்று இரண்டு ஐசோடோப்புகள் (நிறை மட்டும் வேறான ஒரே தனிம அணுக்கள்) இருப்பதால் ஒவ்வொரு சிகரமும் உள்ளே பல கிளையாகப் பிரிந்திருக்கும். மின்னூட்டம் ஒன்று என்றால் நிறையில் ஒன்று கூடும்போது நிறமாலையில் ஒன்று நகரும். மின்னூட்டம் இரண்டு என்றால் அரைதான் நகரும். சிகரத்தை விரித்துப் பார்த்தால் இடைவெளியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருத்தரங்கில் இதை ஒரு முழுப் படமாகப் போடுங்கள். வேறு துறைக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கெலுகோர்_மாணவி | செவ்வாய், இரவு 11.58

போட்டுப் பார்த்துவிட்டேன். சரிபாதி! கட்டாயம் போடுகிறேன் அண்ணா.

கணக்குப்புலி (சுபாங் ஜெயா) | புதன், காலை 8.30

மோதல் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அந்த 6280 நல்ல சான்று. என் முதல் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. உந்துவது எது? ஆற்றல் இறங்கணும் இல்லையா?

லெப்பாஸ்_ஷிஃப்ட் (பாயான் லெப்பாஸ்) | புதன், காலை 9.05

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இங்கே சிப் பேக்கேஜிங் வேலையில் இருக்கிறேன். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை அலுமினிய மெத்தையில் ஒட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. தங்கம் மந்தம் என்று யாராவது சொன்னால் எங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆட்களிடம் கேட்கச் சொல்வேன். சூட்டில் கிடக்கக் கிடக்கத் தங்கமும் அலுமினியமும் சேர்ந்து ஊதா நிறத்தில் ஒரு சேர்மம் வரும், ஒரு தங்கத்துக்கு இரண்டு அலுமினியம். ஊதாக் கொள்ளைநோய் என்றே அதற்குப் பெயர். அது வளர்ந்தால் பக்கத்தில் நுண்துளைகள் விழுந்து இணைப்பே விட்டுப்போகும். அணு நகர்வது எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் எங்களுக்குச் சூடும் காலமும் வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தொட்டாலே மாற்றிக்கொள்ளும் என்றால், ஒரே வகைக் கொத்தை மட்டும் குப்பியில் வைத்தால் எப்படிக் கெடாமல் இருக்கிறது? அவையும் மோதிக்கொண்டுதானே இருக்கும்?

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | புதன், இரவு 9.20

இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பரிசோதனை பதில் சொல்கிறது. அடுத்தடுத்து வந்து நின்றதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இயற்கை வெள்ளியில் 107 ஏறக்குறைய 52 சதவீதம், 109 ஏறக்குறைய 48. அதே சென்னைக் குழு, முழுக்க 107 மட்டும் உள்ள வெள்ளி-25 ஒன்றும் முழுக்க 109 மட்டும் உள்ள வெள்ளி-25 ஒன்றும் செய்து இரண்டையும் கலந்தது. 2019-ல் வந்த வேலை. வேதியியலில் இரண்டும் ஒரே பொருள். அதே வெள்ளி, அதே தயோல், அதே கூடு. கலந்ததும் வேகமாக 107-ம் 109-ம் பரிமாறிக்கொண்டன. சாதாரணத் தண்ணீரையும் கனநீரையும் கலந்தால் ஒரு ஹைட்ரஜனும் ஒரு டியூட்டீரியமும் உள்ள தண்ணீர் வருமே, அதைப் போல.

கணக்குப்புலி, இங்கே இறங்குவதற்கு ஆற்றலில் படியே இல்லை. முன்னும் பின்னும் பிணைப்புகள் ஒன்றே. உந்தியது கலத்தலின் என்ட்ரோபி, அதாவது கலந்து சிதறிக் கிடக்கும் நிலையை நோக்கிய இயல்பான போக்கு. தங்கம்–வெள்ளி ஜோடியில் அதற்கு மேல் ஆற்றல் லாபமும் சேர்கிறது, கணக்குகள் அதையும் காட்டுகின்றன. ஆனால் லாபம் எதுவும் இல்லாவிட்டாலும் அணுக்கள் கடக்கின்றன என்பதுதான் செய்தி. அறை வெப்பநிலையிலேயே தாண்டிவிடக்கூடிய தடைதான் அங்கே இருக்கிறது.

லெப்பாஸ் அண்ணன் கேள்விக்கும் இதுவே விடை. வெள்ளிக் கொத்தை மட்டும் வைத்த குப்பிக்குள்ளும் பரிமாற்றம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன அணுவும் வந்த அணுவும் ஒன்றாக இருப்பதால் நம் கண்ணுக்குப் படாது. 107, 109 என்று அடையாளம் இட்டபின்தான் பட்டது. கட்டுரைகள் நிலையானது என்று எழுதும்போது சொல்வது அந்த வாய்பாடு கலையாமல் நிற்பதை. அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று அதற்கு அர்த்தமில்லை.

தங்கத்தில் இதே சோதனையைச் செய்ய இயற்கை இடம் கொடுக்கவில்லை. தங்கத்துக்கு நிலையான ஐசோடோப்பு 197 ஒன்றுதான். அதனால்தான் தங்கத்தின் நடமாட்டத்தைப் பார்க்க வெள்ளியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறோம்.

படிவம்6_டீச்சர் (பிரிக்ஃபீல்ட்ஸ்) | புதன், இரவு 10.10

இந்த ஐசோடோப்பு விஷயத்தை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். சமநிலை என்றால் எதுவும் நடக்காத நிலை என்று பிள்ளைகள் மனதில் பதிந்திருக்கிறது. அதைக் கலைக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

என் +0.80, +1.50 கணக்கு மட்டும் பாக்கி.

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | புதன், இரவு 10.40

மறக்கவில்லை டீச்சர். உங்கள் விதிக்கு நேர் எதிராகவே ஒன்று இருக்கிறது. சீனாவில் ஜிக்குன் வூ 2012-ல் தங்கக் கொத்துகள் வெள்ளி அயனியையும் செம்பு அயனியையும் ஒடுக்குவதைக் காட்டினார். மந்தமான உலோகம் துடிப்பான உலோகத்தின் அயனிக்கு எலக்ட்ரான் கொடுக்கிறது! எதிர்-கால்வானிக் வினை என்று பெயர்.

விதி பொய் என்று நினைக்க வேண்டாம். நியம மின்முனை அழுத்தம் கட்டி உலோகத்துக்கு அளந்தது. தங்கம்-25 எதிர் மின்னூட்டத்தோடு இருக்கிறது, அதன் எலக்ட்ரான்கள் தனித்தனி மட்டங்களில் இருக்கின்றன. ஒரு எலக்ட்ரானைக் கொடுப்பது அதற்குப் பெரிய காரியமே இல்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனே போதும். பழுப்பாக இருக்கும் கரைசல் மின்னூட்டம் இழந்து பச்சைக்கு மாறும். உலோகம் கொட்டாது, கொத்து உடையாது, ஒரு எலக்ட்ரான் மட்டும் போயிருக்கும். இதை மாணவர்கள் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

பத்தர்_மகன் (ஜார்ஜ்டவுன்) | வியாழன், காலை 7.30

ஒன்று கேட்கணும் சார். கடற்கரை ஊர், கடையில் வெள்ளிச் சாமான் சீக்கிரம் கறுத்துவிடும். காற்றில் இருக்கிற கந்தகம்தான் காரணம் என்பார்கள். உங்கள் வெள்ளிக் கொத்து மேலேயே 18 கந்தகத்தைச் சுமந்துகொண்டு இருக்கிறதே. அது கறுக்காதா?

இன்னொன்று, இரண்டையும் கலந்தால் தங்கம் எங்கே போய் உட்காரும்? மேலேயா, உள்ளேயா? முலாம் பூசுகிறவனுக்கு இது முக்கியம்.

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | வியாழன், பகல் 12.50

அண்ணே, சாமானைக் கறுக்க வைக்கிற கந்தகம் நேராக வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிவிடுகிறது. கொத்தின் மேலே இருக்கும் கந்தகத்துக்கு ஒரு கை வெள்ளியிடம், இன்னொரு கை கார்பனிடம். அந்தக் கார்பன் பிணைப்பு நிற்கிறவரைக்கும் கறுக்காது. அது அறுந்தால் கொத்து சிதைந்து சல்ஃபைடாகத்தான் முடியும். வெள்ளிக் கொத்துகளை நாங்கள் குளிரில், இருட்டில் வைத்துக் காப்பாற்றுவது இதற்காகத்தான்.

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். வெள்ளி-25-ல் ஒரே ஒரு தங்க அணுவை மட்டும் வைத்துப் பக்ர் குழு 2016-ல் ஒரு கொத்து செய்தது. தங்கம் போய் உட்கார்ந்த இடம் நட்டநடு மையம், 25-ல் உள்ளே இருக்கும் அந்த ஒரே இடம். அந்த ஒரு அணு மாறியதில் காற்றில் தாங்கும் சக்தி கூடியது, ஒளிர்வு 25 மடங்கு ஏறியது. அதே மாதிரி தங்கம்-25-க்குள் கொஞ்சம் வெள்ளி புகுந்தால், அது வளைவுகளை விட்டு உள்மணியின் 12 இடங்களைத்தான் விரும்புகிறது. ஆக, வளைவில் வந்து இறங்கிய அணு அங்கேயே தங்குவதில்லை, உள்ளே நடந்துபோகிறது.

இந்த நடைதான் எனக்கு இந்த விஷயத்திலேயே பெரிய அதிசயம். தங்கம்-25-ன் ஆறு வளைவுகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மாதிரி இருக்கும். பொரோமியன் வளையம் என்பார்கள், ஒன்றை வெட்டினால் மூன்றும் கழன்றுவிடும். பிரதீப் குழு 2015-ல் இந்தப் பார்வையை வைத்தது. ஒரு தங்க–கந்தகப் பிணைப்பு கொஞ்ச நேரம் திறந்தால் உள்மணிக்கு வழி ஏன் கிடைக்கிறது என்பது இந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும்.

தைப்பிங்_மழை | வியாழன், மாலை 6.15

எல்லாம் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் நேரடியாகக் கேட்கிறேன், இதனால் என்ன பயன்? சாப்பாடு போடுமா, நோய் தீர்க்குமா?

லெப்பாஸ்_ஷிஃப்ட் (பாயான் லெப்பாஸ்) | வியாழன், இரவு 7.00

எங்கள் ஊரில் 1972-ல் தடையற்ற தொழில் வட்டாரம் திறந்தபோது, சிலிக்கானில் அசுத்த அணுவை எண்ணிப் போடுவதற்கு என்ன பயன் என்று யாராவது கேட்டிருப்பார்கள். இன்றைக்குப் பினாங்கில் எத்தனை வீட்டில் அதனால் அடுப்பு எரிகிறது என்று பாருங்கள். 25 அணுவில் ஒன்றை மட்டும் மாற்றி ஒளியை 25 மடங்கு ஏற்ற முடியும் என்றால் நான் அதைக் கூர்ந்து கவனிப்பேன்.

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | வியாழன், இரவு 8.30

தைப்பிங், நியாயமான கேள்விதான். தங்கத்தை வினையூக்கியாக யாரும் மதிக்காத காலம் இருந்தது. 1987-ல் ஜப்பானில் ஹருத்தா, ஆக்சைடின் மேல் ஏற்றிய நுண்ணிய தங்கம் பூஜ்ஜியத்துக்கும் கீழான குளிரிலேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றம் செய்வதைக் காட்டினார். சென்னையிலேயே 2003-ல் வெள்ளி நானோத் துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடைப் பிய்த்து வெள்ளி குளோரைடாகவும் கார்பனாகவும் ஆக்குவதைப் பார்த்தார்கள். தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை அகற்றும் வடிகட்டி அந்த வழியில்தான் வந்தது. மந்தம் என்று ஒதுக்கிய உலோகம் சின்னதானதும் என்ன செய்கிறது என்று கேட்டதால் கிடைத்தவை இவை.

கொத்துகளில் இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. எந்த அணு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும், ஒன்றை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்க முடியும். இதற்காகவே நான் இதில் உட்கார்ந்திருக்கிறேன்.

கெலுகோர்_மாணவி | வெள்ளி, இரவு 9.10

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சின் போக்கை மாற்றிவிட்டேன். முதல் படமே பத்தர் அங்கிள் சொன்ன மூன்று பங்கு வெள்ளி, அதன் பக்கத்தில் 25-ல் 24. அடுத்து அந்த 6280. பிறகு ஐசோடோப்பு. டீச்சரின் வரிசை கடைசியில் வருகிறது, எதிர்-கால்வானிக்கோடு.

கூடவே ஒன்று செய்து காட்ட ஆசை. எங்கள் லேப்பில் தங்கம்-25 இருக்கிறது, வெள்ளி-25 செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய நிறைக்கான மாஸ் ஸ்பெக் (நிறை நிறமாலை) வசதி எங்களிடம் இல்லை, ஒளி உறிஞ்சலை அளக்கும் யூவி மட்டும்தான். கலந்ததும் நிறமாலை எடுத்தால் போதுமா?

பழைய_குடுவை (கோலாலம்பூர்) | வெள்ளி, இரவு 10.00

ஏதோ மாறுகிறது என்று காட்ட யூவி போதும். எத்தனை அணு மாறியது என்று அதை வைத்துச் சொல்லாதீர்கள். இரண்டு கொத்துக்கும் 675 நானோமீட்டர் பக்கம் ஒரு உறிஞ்சல் பட்டை உண்டு, அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். வெள்ளி-25-க்கு 490 பக்கம் இருக்கும் பட்டையைக் கவனியுங்கள்.

கலப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக டைகுளோரோமீத்தேனில் கரைத்து, தனித்தனி நிறமாலை எடுத்து வையுங்கள். அந்த இரண்டையும் கூட்டி வரும் கோட்டைத் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். வினையே நடக்காவிட்டால் கலவை அந்தக் கோட்டில்தான் விழும், விலகுவதுதான் உங்கள் சான்று. தயோல் கொஞ்சம்கூட மிஞ்சாமல் மெத்தனாலில் நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கணக்குப்புலி மறுபடி எழுந்து நிற்பார். வெள்ளி-25-ஐ அன்றன்றைக்கே செய்து பனிக்கட்டியில் வையுங்கள்.

கலந்தபின் ஒரு சொட்டை எடுத்துக் குளிரில் போட்டு எனக்கு அனுப்ப முடியுமா என்று உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். வழியில் வினை ஓடி முடிந்துவிடும், ஒட்டிணை கிடைக்காது. ஆனால் 89, 89 என்று படிகள் வரும். அதை எடுத்துத் தருகிறேன்.

கணக்குப்புலி (சுபாங் ஜெயா) | வெள்ளி, இரவு 10.20

எழுந்து நிற்கத்தான் போகிறேன். கழுவியதற்கும் நிறமாலை எடுத்து வையுங்கள் தங்கச்சி. கருத்தரங்கு எந்தத் தேதி? பினாங்குப் பாலம் தாண்டி வந்துவிடுகிறேன்.